கையை விட்டு டிஸ்க் சுத்தமாகக் கிளம்ப: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்க் கோல்ஃபில் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எத்தனை குறைந்த எறிகளில் கூடையில் போடுகிறோம் என்பதுதான் ஆட்டம். கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-ல் முதல் நிரந்தரத் தளம் அமைந்தது. விதிகளை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். தட்டு ஆடாமல், அலையாமல் கையை விட்டுக் கிளம்புவதற்குத்தான் மாதக்கணக்காகிறது. கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் பழகுபவர்களிடமிருந்து இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பதில்கள் வலது கைக்காரரின் பேக்ஹேண்ட் எறிக்கு, அதாவது மார்புக்குக் குறுக்கே இழுத்துப் புறங்கை முன்னே வர எறிவதற்குச் சொல்லப்பட்டவை. இடது கைக்காரர்கள் வலத்தை இடமாக மாற்றிக்கொண்டால் போதும்.

சுத்தமான ரிலீஸ் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கையை விட்ட முதல் மூன்று நான்கு மீட்டருக்குள்ளேயே டிஸ்க் ஆட்டமில்லாமல் சுழல வேண்டும். பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சரியாகச் சொடுக்கிவிட்டால் ஆணி குத்திய இடத்திலேயே நின்று சுற்றும். கோணலாக விட்டால் தலையை ஆட்டிக்கொண்டே போய்ச் சரியும். டிஸ்க்குக்கும் இதே கணக்குதான்; அதன் ஆணி கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

கண்ணைத் தவிர இன்னும் இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று காது: நல்ல ரிலீஸில் விரலிலிருந்து டிஸ்க் பிய்த்துக்கொண்டு போகும் சொடுக்கு கேட்கும், அதன்பின் சீரான ஓசை. ஆடும் டிஸ்க் படபடவென்று அடித்துக்கொண்டு போகும். இன்னொன்று சுட்டுவிரல்: இருபது முப்பது எறிகளுக்குப் பிறகு அதன் நுனிச் சதை லேசாகச் சிவந்து சூடாக இருந்தால் டிஸ்க் கடைசியாக அங்கிருந்துதான் கிளம்புகிறது. நடுவிரலும் மோதிரவிரலும் எரிந்தால் பிடியில் ஏதோ கோளாறு.

விரல்களை எந்த நொடியில் திறக்க வேண்டும்?

திறக்கவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

டிஸ்க் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நொடிக்கு 22 மீட்டர். விரலைத் திறப்பதில் நொடியின் நூறில் ஒரு பங்கு பிசகினால் அதற்குள் கை 22 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கை சுற்றி வரும் வளைவில் 22 சென்டிமீட்டர் என்றால் திசை இருபது பாகை மாறிவிடும். 60 மீட்டர் தள்ளியுள்ள கூடைக்குக் குறிவைத்த டிஸ்க் இருபது மீட்டர் பக்கத்தில் விழும். மனித மூளையால் அந்த நூறில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் குறிபார்த்துத் திறக்க முடியாது.

அப்படியானால் டிஸ்க்கை யார் விடுவிக்கிறார்கள்? டிஸ்க்கே. 175 கிராம் எடை அந்த வேகத்தில் சுமார் 60 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவில் சுற்றும்போது, அதை வளைவிலேயே பிடித்து வைக்க ஏறத்தாழ 15 கிலோ எடையைத் தாங்குகிற அளவு விசை தேவை. முழங்கை விரிந்து, மணிக்கட்டு திறக்கும் கணத்தில் இந்தத் தேவை உச்சத்துக்குப் போகிறது. பிடியின் வலு அதைத் தாண்ட முடியாத புள்ளியில் டிஸ்க் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது. உங்கள் வேலை அதுவரை பிடித்திருப்பது மட்டுமே.

கெடிலம் கழிமுகத்தில் வீச்சு வலை போடுபவரை ஒரு காலை நேரம் பாருங்கள். முதலில் இடுப்பு திரும்பும், கை பின்னால் வரும், வலை கடைசியாகத் தானே விரல்களை விட்டு விரியும். எங்கே விடலாம் என்று யோசித்துக் கையைத் திறக்கிறவருடைய வலை குவியலாகத்தான் தண்ணீரில் விழும்.

இதை உடம்புக்குப் புரியவைக்க ஒரு பயிற்சி. டிஸ்க்கை வலது மார்பை ஒட்டி வையுங்கள், முழங்கை இலக்கை நோக்கி மடங்கியிருக்கட்டும். கால், இடுப்பு எதையும் அசைக்காமல் முழங்கையை மட்டும் விரித்து, டிஸ்க் தானாகப் பிய்ந்து போகிறவரை பிடித்திருங்கள். பத்து முதல் பதினைந்து மீட்டர் போனால் போதும். இருபது எறிகள் ஆட்டமில்லாமல் போனபின் தொடக்கத்தை இடது மார்புக்குத் தள்ளுங்கள். அங்கும் இருபது. அதற்குப் பிறகுதான் கையை முழுதாகப் பின்னால் நீட்டுவது. இடது மார்பிலிருந்து தொடங்கும்போது ஆட்டம் வந்தால், கோளாறு அந்த ஒன்றரைச் சாண் தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். முழு வீச்சில் எறிந்து எறிந்து தேடினால் ஒரு மாதம் ஆனாலும் அது அகப்படாது.

எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது? கட்டைவிரல் எங்கே?

முதலில் விரல்களின் இடம்.

தூரத்துக்கு: நான்கு விரல் நுனிகளும் விளிம்பின் உட்சுவரில் அழுந்த வேண்டும். விரல்களை மடக்கி உள்ளங்கைக்கு டிஸ்க்கை இழுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மேலே, சுட்டுவிரலுக்கு நேர் எதிராக அல்லது அதற்குச் சற்று உள்ளே. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளுகிற அந்த இடம்தான் கடைசிவரை டிஸ்க்கைப் பிடித்திருக்கிறது. மற்ற மூன்று விரல்களும் துணைக்கு.

புட்டர் (கூடைக்கு அருகே எறியும் டிஸ்க்), மிட்ரேஞ்ச் (நடுத்தூர டிஸ்க்) கொண்டு குறி பார்த்து எறிய: சுட்டுவிரல் விளிம்பிலேயே இருக்க, நடுவிரலையும் மோதிரவிரலையும் அடித்தட்டில் விசிறிபோல் விரித்துக்கொள்ளலாம். வேகம் கொஞ்சம் குறையும், சாய்வு கைக்குள் நிற்கும்.

இறுக்கத்தைப் பொறுத்தவரை இரண்டு கட்சிகள். தொடக்கத்தில் தளர்த்திப் பிடித்து, டிஸ்க் மார்பைக் கடக்கும்போது இறுக்கச் சொல்கிறது ஒன்று. தொடக்கம் முதல் ஒரே இறுக்கம் என்கிறது மற்றது. புதிதாகப் பழகுபவருக்கு இரண்டாவதே நல்லது. பாதியில் இறுக்கப் போய் டிஸ்க் சாய்ந்துவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. அளவு வேண்டுமானால்: பக்கத்தில் நிற்பவர் டிஸ்க்கின் மறுவிளிம்பைப் பிடித்து இழுத்தால் கிள்ளும் இடம் விடக்கூடாது, அதே நேரம் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினால் தளதளவென்று ஆட வேண்டும். விரலை இறுக்கும்போது கூடவே முன்கை முழுதும் கல்லாகிவிடுவதுதான் சிக்கல். அப்படி ஆனால் மணிக்கட்டு திறக்காது, சுழற்சி பாதியாகக் குறையும்.

டிஸ்க் தள்ளாடிக்கொண்டே போகிறது. ஏன்?

டிஸ்க்கின் தளம் ஒரு பக்கம், கை இழுக்கும் தளம் இன்னொரு பக்கம். தொண்ணூறு சதவீதத் தள்ளாட்டத்துக்குக் காரணம் இது ஒன்றுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

சமையலறைப் பாத்திர ஸ்டாண்டின் இடுக்கில் செருகிய தட்டை உருவுவதை நினைத்துப் பாருங்கள். தட்டு நிற்கிற தளத்திலேயே இழுத்தால் ஓசையில்லாமல் வரும். கொஞ்சம் சாய்த்தாலும் இரண்டு பக்கக் கம்பியிலும் டங் டங் என்று இடிக்கும். டிஸ்க்கைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு கையைக் கீழிருந்து மேலே இழுத்தால் காற்றில் நடப்பதும் அந்த இடிதான். கம்பி மட்டும் இல்லை.

எங்கே பிசகுகிறது என்று இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் சாய்வு. டிஸ்க்கின் இடது விளிம்பு தாழ்ந்திருக்கும்படி எறிவதை ஹைசர் என்பார்கள். அதை மணிக்கட்டைச் சாய்த்துக் கொண்டுவந்தால் டிஸ்க் சாயும், கை சாயாது, தள்ளாட்டம் உறுதி. இடுப்பிலிருந்து உடம்பை முன்னால் குனிந்து கொண்டுவந்தால் கை, டிஸ்க், தோள் மூன்றும் சேர்ந்து ஒரே தளத்தில் சாயும். உடம்பு நிமிர்ந்தபடி இருக்க டிஸ்க் மட்டும் சாய்ந்திருக்கிறதா என்று வீடியோவில் பாருங்கள்.

அடுத்தது இழுப்பின் உயரம். பின்னால் நீட்டும்போது டிஸ்க் இடுப்பு உயரத்தில், விடும்போது தோள் உயரத்தில் என்று இருந்தால் இழுப்பு ஏணிபோல் ஏறுகிறது. தட்டையான எறிக்கு டிஸ்க் தொடக்கம் முதல் கடைசிவரை கீழ்மார்பு உயரத்திலேயே வர வேண்டும்.

பிறகு கை உருள்வது. எறிந்து முடித்தபின் உள்ளங்கை சட்டென்று வானத்தைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ திரும்பினால், அந்தத் திருப்பம் டிஸ்க் கையில் இருக்கும்போதே தொடங்கியிருக்கிறது. கை இயல்பாக வீசி முடியட்டும், திருகாமல்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் தள்ளாடினால் சுழற்சி போதவில்லை. குறைந்த சுழற்சியில் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். அதிகச் சுழற்சி அதே பிழையைச் சில மீட்டரில் விழுங்கிவிடும். பிழை இல்லாமல் போகாது. டிஸ்க் அதைத் தாங்கிக்கொள்ளும்.

இந்தக் கடலோரப் புழுக்கத்தில் கை வழுக்குகிறதே?

நம் ஊரில் ரிலீஸ் கெடுவதற்குக் கை நுட்பத்தைக் காட்டிலும் வியர்வைதான் பெரிய காரணம். வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்களில் இதைப் பற்றி அதிகம் பேச்சிருக்காது. அவர்கள் எறிவது வேறு காற்றில்.

ஈரக் கையில் டிஸ்க் இரண்டு விதமாகக் கெடும். முன்கூட்டியே நழுவி இடப்பக்கம் போகும். அல்லது நழுவிவிடுமோ என்ற பயத்தில் நாம் கூடுதலாக இறுக்க, டிஸ்க் பிடியில் மாட்டிக்கொண்டு வலப்பக்கம் பறக்கும். ஒரே நாளில் இரண்டும் நடந்தால் நுட்பத்தை மாற்றாதீர்கள், கையைத் துடையுங்கள்.

துண்டு இரண்டு வேண்டும். ஒன்று நனைத்துப் பிழிந்தது, டிஸ்க்கில் ஒட்டிய மணலையும் உப்பையும் துடைக்க. மற்றது காய்ந்த பருத்தித் துண்டு, கைக்கும் விளிம்புக்கும். நன்றாக நீரை உறிஞ்சும் பழைய ஈரிழைத் துண்டு இதற்கு அருமை. புதுத் துண்டு கஞ்சி போகும்வரை தண்ணீரைத் தள்ளிவிடும். நிலை எடுத்த பின் துடைக்காதீர்கள்: முதலில் துடை, பிறகு நில், உடனே எறி. துடைத்த கை ஒரு நிமிடத்தில் மறுபடி நசநசக்கும்.

பவுடர் பூசலாமா என்று கேட்பவர்கள் நிறைய. முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் வழுக்கும், வேண்டாம். உடற்பயிற்சிக் கூடத்தில் பளு தூக்குபவர்கள் தேய்த்துக்கொள்ளும் வெள்ளைச் சாக்பீஸ் கட்டி, அதாவது மக்னீசியம் கார்பனேட், நன்றாக உலர்த்தும். அது கிடைக்காவிட்டால் மர அறுவை மில்லில் நைசான மரத்தூள் ஒரு பிடி வாங்கி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்துச் சலித்து, தடித்த பருத்தித் துணியில் எலுமிச்சை அளவு முடிச்சாகக் கட்டிக்கொள்ளுங்கள். எறிவதற்கு முன் நான்கைந்து முறை பிசைந்தால் உள்ளங்கை காய்ந்துவிடும். மழைக்காலத்தில் முடிச்சை நெகிழிப் பையில் வையுங்கள். ஈரம் ஏறினால் பூசணம்தான்.

இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பார்கள்: தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய். காலையில் எண்ணெய் வைத்து, நெற்றி வியர்வையைக் கையால் வழித்து, அதே கையால் டிஸ்க்கைப் பிடித்தால் எந்தப் பிடியும் நிற்காது. சன்ஸ்கிரீன் கிரீமும் அப்படியே. புறங்கையால் துடைத்துப் பழகுங்கள்.

புது டிஸ்க்கையும் பாத்திரம் துலக்கும் திரவத்தால் ஒருமுறை கழுவிவிடுங்கள். அச்சிலிருந்து வரும்போது மேலே ஒரு வழவழப்பு ஒட்டியிருக்கும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் பெட்டியில் டிஸ்க்கை வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் இளகி வளைந்துவிட்டால் அதன்பின் ஆட்டத்துக்கு உங்கள் கையைக் குறை சொல்ல முடியாது.

முன்விளிம்பு தூக்கிக்கொண்டு மேலே போய், அப்படியே நின்று பின்னால் விழுகிறது.

இலக்கைப் பார்க்கும் விளிம்பை மூக்கு என்கிறோம். மூக்கு தூக்கினால் காற்று அடிவயிற்றில் மோதி டிஸ்க்கை மேலே தள்ளும், வேகம் சாகும். பலர் இதைக் கையில் பலம் போதவில்லை என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். பலத்தைக் கூட்டினால் இன்னும் உயரமாக ஏறும், அவ்வளவுதான்.

பெரும்பாலும் மணிக்கட்டுதான் காரணம். கைப்பிடி வைத்த ஜக்கிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகத் தாழும். அந்தத் தாழ்வோடு டிஸ்க்கைப் பிடித்து, எறிந்து முடியும்வரை அப்படியே வைத்திருங்கள். பிடித்த கையை முன்னால் நீட்டிப் பார்த்தால் டிஸ்க்கின் மேல்தட்டு முன்கையோடு ஒரே கோட்டில் அல்லது சற்றுக் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

மணிக்கட்டு சரியாக இருந்தும் மூக்கு தூக்கினால் உடம்பைப் பாருங்கள். எறியும்போது எடை பின்காலிலேயே தங்கினால் தோள் பின்னால் சாயும், டிஸ்க்கும் கூடவே வானத்தைப் பார்க்கும். எறிந்து முடிந்ததும் பின்காலைத் தரையிலிருந்து எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எடை முன்னால் வரவே இல்லை.

ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம் போகிறது. இலக்கு நேர் எதிரே இருக்கிறது!

வலப்பக்கம் போனால் தாமதமாக விடுபட்டிருக்கிறது, இடப்பக்கம் போனால் சீக்கிரமே நழுவியிருக்கிறது. இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே: டிஸ்க் நேர்கோட்டில் வராமல் உடம்பைச் சுற்றி வளைந்து வருகிறது.

கையைப் பின்னால் நீட்டும்போது டிஸ்க் முதுகுப் பக்கம் போய்விட்டால், திரும்பி வரும்போது மார்பைச் சுற்றித்தான் வர வேண்டும். வளைந்து வரும் பாதையில் சரியான திசை ஒரு புள்ளியில்தான் இருக்கும். அதைத் தவறவிட்டால் இடமோ வலமோ. நேர்கோட்டில் வரும் பாதையில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் திசை பெரிதாக மாறாது.

சுவர் ஓரம் நின்று இதைச் சரிசெய்யலாம். வலது தோள் இலக்கைப் பார்க்க, மார்பு சுவரைப் பார்க்க, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நில்லுங்கள். டிஸ்க்குக்குப் பதில் ஒரு சின்னத் துண்டைப் பிடித்து, பின்னால் நீட்டி, சுவருக்கு இணையாக இழுத்து வாருங்கள். முழங்கை முன்னால் வர வேண்டும், துண்டு மார்பிலிருந்து ஒரு சாணுக்குள் வர வேண்டும். முழங்கை மார்பைத் தாண்டி முன்னே நிற்கும்போது மடிப்பு ஏறத்தாழ 90 பாகை இருக்கட்டும். மடிப்பு அதைவிடக் குறுகி டிஸ்க் மார்பில் ஒட்டிக்கொண்டால் வளைவு தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு நாளைக்கு முப்பது முறை, எறியாத நாளிலும்.

மணலில் கால் புதைகிறது. கால் வைப்பு ரிலீஸைக் கெடுக்குமா?

கெடுக்கும். இழுப்பு வேகமெடுப்பதே முன்கால் ஊன்றி உடம்பை நிறுத்தும்போதுதான். ஊன்றிய கால் நழுவினால் டிஸ்க்கின் பாதையும் அந்தக் கணத்தில் நழுவும். வெள்ளிக் கடற்கரையில் காய்ந்த மணலில் நின்று ஓட்டத்தோடு எறியாதீர்கள். அலை வந்து போன ஈரமணல் இறுகியிருக்கும், அங்கே நின்றபடி எறியலாம். சவுக்குத் தோப்பில் உதிர்ந்த ஊசிச் சருகு எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ஊன்றும் இடத்தைக் காலால் தள்ளிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். கேப்பர் மலைச் செம்மண்ணும் ஆரோவில் மேட்டுச் செம்மண்ணும் காய்ந்தால் நல்ல பிடிப்பு, மழை பெய்த மறுநாள் சேறு.

எப்படியும் முதல் இரண்டு மாதத்துக்கு நின்ற இடத்திலேயே எறியுங்கள். ஓட்டம் சேர்ப்பதால் கூடும் தூரம், ரிலீஸ் சுத்தமாக இல்லாவிட்டால் வீண். எறிந்தபின் முன்காலின் குதிகாலில் உடம்பு சுழலட்டும். பாதம் தரையில் அப்படியே ஒட்டியிருந்தால் முழங்கால் முறுக்கு வாங்கும்.

ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னே வரப் பக்கவாட்டில் எறிவது) மட்டும் எப்போதும் ஆடுகிறது. கிரிக்கெட்டில் பக்கவாட்டில் நன்றாகத்தான் எறிவேன்.

சிக்கலே அந்தக் கிரிக்கெட் கைதான். பந்தை எறிந்து முடிக்கும்போது உள்ளங்கை தரையைப் பார்த்துக் கவிழும். பந்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. டிஸ்க் கவிழும், தள்ளாடும், வலம் போக வேண்டியது இடப்பக்கம் புரண்டு விழும்.

சுட்டுவிரலும் நடுவிரலும் ஒட்டி, நடுவிரலின் சதைப்பகுதி விளிம்பின் உட்சுவரில் அழுந்த வேண்டும். கட்டைவிரல் மேலே. தட்டில் சாம்பார் ஏந்திப் போகிற பரிமாறுகாரர் கையைப்போல் உள்ளங்கை கடைசிவரை வானத்தைப் பார்க்கட்டும். முழங்கை இடுப்புக்கு அருகில் இருந்து முன்னே செல்ல, மணிக்கட்டு ஒரு சொடுக்கு. கை வீச்சைப் பாதியாகக் குறையுங்கள். இங்கே பலத்தைவிடச் சொடுக்குதான் வேலை செய்யும். 15 மீட்டரில் இன்னொருவர் நின்று பிடித்துத் திருப்பி எறிந்தால் வாரத்தில் பலன் தெரியும்.

எந்த டிஸ்க்கில் பழகுவது? இரண்டு அணிகள் எறிந்து பிடித்து ஆடும் அல்டிமேட் ஆட்டத்தின் டிஸ்க் போதுமா?

புட்டரில். ஏறத்தாழ 170 கிராம், வளைவு அதிகம் இல்லாமல் நேராகப் போகும் வகை. புட்டரின் விளிம்பு சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம்தான், விரலுக்குள் அடங்கும். மிகத் தூரம் எறிவதற்கான டிரைவரின் விளிம்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். சிறிய கைக்கு அது ஒழுங்காகக் கிள்ள வராது. அதோடு, கடைசியில் முரட்டுத்தனமாக இடப்பக்கம் வெட்டிப் போகும் டிரைவர்கள் உங்கள் தள்ளாட்டத்தை மறைத்துவிடும். புட்டர் எந்தப் பிழையையும் மறைக்காது. அதனால்தான் பலருக்கு அதை முழு வீச்சில் எறியப் பிடிப்பதில்லை.

ஆரோவில், புதுச்சேரி பக்கம் அல்டிமேட் ஆடுபவர்கள் கையில் இருப்பது 175 கிராம், சுமார் 27 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிஸ்க். கோல்ஃப் டிஸ்க்கின் விட்டம் 21 சென்டிமீட்டரை ஒட்டி. இழுப்புத் தளம், சுழற்சி இரண்டையும் பழக அல்டிமேட் டிஸ்க் போதும். ஆனால் மூக்குச் சாய்வில் கோல்ஃப் டிஸ்க் காட்டும் கண்டிப்பு அதில் இல்லை. மாறும்போது முதல் வாரம் எல்லாமே மேலே ஏறும். பதற வேண்டாம்.

கடல்காற்றில் பழகலாமா?

பழக்கத்துக்கு விடிகாலை. அப்போது நிலக்காற்று மெதுவாகக் கடல் பக்கம் போகும், டிஸ்க்கின் ஆட்டத்துக்குக் காற்றைக் காரணம் காட்ட முடியாது. நண்பகலை ஒட்டிக் கடல்காற்று ஏறிவிடும்.

எதிர்காற்று தள்ளாட்டத்தைப் பெரிதாக்கும். டிஸ்க் உணரும் காற்றின் வேகம் கூடுவதால் அது வலப்பக்கம் புரளப் பார்க்கும். பின்காற்றில் அது சீக்கிரம் தணிந்து இடம் விழும். கரையை ஒட்டி எறியும்போது இன்னொரு கணக்கு. பேக்ஹேண்டில் டிஸ்க் கடைசியில் இடது விளிம்பைத் தாழ்த்தி இடப்பக்கம் போகும். வடக்கே பார்த்து எறிந்தால் கடல் வலப்பக்கம். காற்று உயர்ந்த வலது விளிம்பின் அடியில் புகுந்து டிஸ்க்கைத் தூக்கி ஊர்ப்பக்கம் கொண்டுபோகும். தெற்கே பார்த்து எறிந்தால் அதே காற்று டிஸ்க்கின் முதுகில் அமர்ந்து தரைக்கு அழுத்தும். ஒரே கை, ஒரே டிஸ்க், திசை மட்டும் மாற இரண்டு முடிவு. இதைத் தெரியாமல் கையைத் திருத்தப் போனால் நன்றாக இருந்ததும் கெடும்.

தப்பைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. என்ன செய்வது?

செல்போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டம் இருந்தால் போதும். டிஸ்க்கின் விளிம்போரம் அழியாத மையால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். பின்னாலிருந்து ஒரு வீடியோ, மார்புக்கு நேரே பக்கவாட்டிலிருந்து ஒன்று. வெயில் நன்றாக இருக்கும்போது எடுங்கள். மங்கலில் எடுத்தால் எல்லாம் இழுபட்டுத் தெரியும்.

பக்கவாட்டு வீடியோவில் இழுப்பின் உயரமும் மூக்கும் தெரியும். பின்னாலிருந்து எடுத்ததில் டிஸ்க்கின் சாய்வும் உடம்பின் சாய்வும் ஒத்துப்போகின்றனவா என்று தெரியும். கையை விட்டபின் அந்தப் புள்ளி ஒரு முழுச் சுற்று வர எத்தனை படம் ஆகிறது என்று எண்ணுங்கள். 14,400-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். 24 படம் என்றால் 600 சுற்று, 18 என்றால் 800. முன்கை தளர்ந்து மணிக்கட்டு திறக்கக் கற்றதும் இந்த எண் ஏறுவதைப் பார்க்கலாம். தூரம் கூடுவதற்கு முன் இதுதான் கூடும்.

ஒரு நாளைக்கு எத்தனை எறி? முழங்கை வலிக்கிறது.

பழக ஆரம்பித்தவருக்கு ஐம்பது அறுபது போதும், அதில் பாதிக்கு மேல் 30 மீட்டருக்குள். பலத்தில் அறுபது எழுபது சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கை முழுதாக விரிந்து முட்டி நிற்கும் இடத்தில் சொடுக்கென்று வலித்தால் முழங்கையைப் பூட்டி எறிகிறீர்கள்; கை இயல்பாகச் சுற்றி முடிய விடுங்கள். வலியோடு எறியாதீர்கள். ஓய்வு கொடுத்தும் இரண்டு வாரத்தில் தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூடையில் போடும் சின்ன எறிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் என்றால் சுழற்சி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, மூக்கு மட்டும் தூக்கக் கூடாது. விரல்கள் இலக்கைப் பார்த்து விரிந்து முடியட்டும். கூடை இல்லாதவர்கள் மூங்கில் கழியை நட்டு, இடுப்பு உயரத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளலாம். ஆறு டிஸ்க்கை அடுத்தடுத்து எறிந்து, எங்கே குவிகின்றன என்று பாருங்கள். சிதறினால் கோளாறு பிடியில், ஒரே பக்கம் குவிந்தால் நிற்கும் நிலையில்.

டிஸ்க் கழிமுகத்தில் விழுந்துவிட்டால் மிதக்குமா?

பெரும்பாலானவை மூழ்கும். மிதப்பதற்கென்றே எடை குறைத்துச் செய்த சில வகைகள் மட்டும் மிதக்கும். விழுந்த இடத்தைக் கரையில் உள்ள ஒரு மரத்தையோ படகையோ குறிவைத்து நினைவில் வைத்துக்கொண்டு, ஓதம் வடிந்தபின் போய்ப் பாருங்கள். ஓட்டமுள்ள தண்ணீரில் இறங்கித் தேட வேண்டாம்.